உப்புக் குறைச்ச சாப்பாட்டுக்கு ஐந்து ஸ்டார்

1. முதல் நாள்

நேர்முகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நீங்கள் ஆக்களை லேசில நம்புவியளோ?"

"நம்பமாட்டன்" என்றேன்.

கேட்டவர் தயாபரன், எங்கள் கிளிநொச்சி ஒஃபிஸின் மனேஜர். என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. "அப்ப இந்த வேலை உங்களுக்குச் சரி, ராஜி அக்கா" என்று சிரித்தார். அதற்கு முன் ஏழு வருடம் நான் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பகுதியில் இருந்தவள். ஒரு சேர்ட்டைக் கையில் எடுத்தால் தையல் விட்ட இடத்துக்குத்தான் என் கண் முதலில் போகும். அந்தக் கண்ணைத்தான் அவர்கள் வேலைக்கு எடுத்தார்கள்.

இப்போது ஒஃபிஸுக்குப் புதிதாக ஆறு பேர் வந்திருக்கிறீர்கள். டிரெயினிங் கொப்பியில் உள்ளதைத் தயாபரன் சொல்லித் தருவார். அதில் இல்லாத ஒன்றை நான் எழுதி வைக்கிறேன். எனக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் கதை அல்ல இது.

எங்கள் வேலை என்னவென்று வெளியாட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். கொழும்பில் எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று ஆட்களுக்குச் சொல்லும் ஒரு ஃபோன் அப்பை எங்கள் கொம்பனி நடத்துகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நகரத்தில் தேடிப்போய்ச் சாப்பிடத் தகுந்த இருபத்தைந்து கடைகளைத் தெரிவு செய்து ஒரு லிஸ்ட் போடும். சாப்பிட்டவர்கள் எழுதும் ரிவியூக்களை வைத்துத்தான் அந்தத் தெரிவு. தமிழில் வருகிற ரிவியூ உண்மையா பொய்யா என்று பார்ப்பது கிளிநொச்சியில், கண்டி வீதியில், ஒரு இரும்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற நாங்கள்.

அந்த இருபத்தைந்து கடைகளில் ஒன்றிலும் நான் சாப்பிட்டதில்லை. கொழும்பார் எங்கே போய் நண்டுக்கறி சாப்பிடவேண்டும் என்று பத்து மணிக்கு முடிவு செய்துவிட்டு, ஒரு மணிக்கு, ஜெயபுரத்தில் என் வீட்டில் விடியவே அவித்துக் கட்டிக்கொண்டு வந்த புட்டைச் சாப்பிடுவேன்.

2. சந்தேகம் பழகுவது

பொய் ரிவியூவுக்கு அடையாளங்கள் உண்டு. எழுதியவர் அந்த ஒரு கடையைத் தவிர வேறு எதைப் பற்றியும் எழுதியிருக்கமாட்டார். பல பேர் ஒரே கிழமையில் எழுதியிருப்பார்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். எல்லாரும் ஐந்து ஸ்டார் போட்டிருப்பார்கள். இவற்றில் மூன்று சேர்ந்தால் சந்தேகம் என்று ஃபிளாக் போடவேண்டும். பிறகு எழுதினவரின் நம்பருக்கு ஃபோன் எடுத்து ஒரு வெரிஃபிகேஷன் கோல். அதிலும் பிடிபட்டால் கடை லிஸ்டில் இருந்து போய்விடும்.

நான் நல்லாய்ப் பிடிப்பேன். ஒரு கடைக்கு "ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்" என்று பதினாறு பேர் எழுதியிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கடைக்கு ஜன்னலே இல்லை, நிலத்தடித் தளம். இன்னொன்றில் கடை முதலாளி தன் மச்சான்மார் நாலு பேரின் பெயரில் எழுதியிருந்தார். நாலு பேரும் "இறைச்சி"யை "இரைச்சி" என்று எழுதியிருந்தார்கள்.

"அக்கா, உங்களிட்ட ஒருத்தரும் தப்பேலாது" என்று பக்கத்து மேசை நஸ்ரின் சொல்லுவாள். முல்லைத்தீவுப் பிள்ளை. குடும்பம் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. என்னைப்போல் வேகம் இல்லை, ஒவ்வொரு ரிவியூவையும் இரண்டுதரம் வாசிப்பாள். அதற்காக நான் அவளை ஏசியும் இருக்கிறேன்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. பரந்தனில் ஒரு கலியாண வீட்டில், பக்கத்தில் இருந்தவர் "கத்தரிக்காய்க் கறி திறமாயிருக்கு" என்றார். இவர் ஏன் இதைச் சொல்கிறார், சமையல்காரர் இவருக்குச் சொந்தமோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கறியின் ருசி எனக்கு நினைவில்லை.

3. பதினொரு ரிவியூ

அந்த முறை லிஸ்டில் இருபத்திரண்டாம் இடத்துக்கு வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கடை வந்திருந்தது. ஆறு மேசை. பெரிய ஹோட்டல்களுக்கு நடுவில் அது எப்படி ஏறியது என்று பார்த்தேன். தமிழில் பதினொரு ரிவியூ. பதினொன்றுக்கும் ஐந்து ஸ்டார். பதினொரு பேரும் வாழ்க்கையில் எழுதிய ஒரேயொரு ரிவியூ அதுதான். பெரும்பாலும் செவ்வாயும் வெள்ளியும் எழுதப்பட்டவை.

அதைவிட ஒன்று. ஏழு பேர் ஒரே விசயத்தை எழுதியிருந்தார்கள்: உப்புக் குறைச்சுத் தந்தார்கள்.

கடைச் சாப்பாட்டை யாராவது உப்புக் குறைவு என்று புகழ்வார்களா? ஒருவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. ஃபிளாக் போட்டுவிட்டு நம்பர்களை எடுத்தேன்.

முதல் நம்பர் கனகராயன்குளத்தில் சிவமலர் என்ற ஒரு அம்மாவுடையது.

"வணக்கம். கொழும்பில சாப்பாட்டுக் கடையளைத் தெரிவு செய்யிற கொம்பனியில இருந்து கதைக்கிறன். சிவமலர்தானே?"

"ஓம். ஆர் பிள்ளை?"

"வெள்ளவத்தையில ஒரு கடையைப் பற்றி எழுதியிருக்கிறியள். அது நீங்கள் எழுதினதோ எண்டு பாக்கத்தான் எடுத்தனான்."

"நான் ஒண்டும் எழுதேல்லையே."

"உங்கட நம்பரில இருந்துதான் வந்திருக்கு. வாசிக்கிறன், கேளுங்கோ." நான் சத்தமாக வாசித்தேன். "அம்மாவும் மகளுமாய் மூன்று நாள் கொழும்பில் நின்றோம். மூன்று நாளும் இங்கேதான் சாப்பிட்டோம். உப்பும் உறைப்பும் குறைச்சு, கேட்டுக் கேட்டுத் தந்தார்கள். வீட்டில் இருந்த மாதிரி இருந்தது."

அந்தப் பக்கம் ஒரு கதிரை இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் கொழும்புக்கே போகேல்லை" என்றா. "கோயில் திருவிழாவுக்குப் பிறகு நான் ஊரை விட்டே வெளிக்கிடேல்லை. நம்பர் மாறி எடுத்திட்டியள்." ஃபோன் வைக்கப்பட்டது.

எனக்குச் சந்தோசம். இதை மறைக்கக்கூடாது. சேர்ட்டில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடித்த அதே சந்தோசம்.

நஸ்ரின் கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, அவா பொய் சொல்லுற மாதிரி இல்லை. பயந்திட்டா போல கிடக்கு."

"பொய் சொல்லேக்க பயம் வரும்தானே" என்றேன்.

இன்னும் நாலு பேருக்கு எடுத்தேன். ஒருவர் தானில்லை என்றார். ஒருவர் கதையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஒருவர், "நீங்கள் எந்தக் கந்தோர்? நான் எங்க போனனான், எத்தினை நாள் நிண்டனான் எண்டு உங்களுக்கு என்னத்துக்கு?" என்று திருப்பிக் கேட்டார். ஒரேயொருவர்தான் "ஓம், நல்ல சாப்பாடு" என்றார். அவரைக் கடைக்காரரின் ஆள் என்று குறித்தேன்.

பின்னேரம் கடை லிஸ்டில் இருந்து போய்விட்டது. அதன் பக்கத்தில் சிவப்பில் "நம்பகமில்லாத ரிவியூ" என்ற வரி ஏறியது.

4. கடைக்காரி

மூன்றாம் நாள் முறைப்பாட்டு லைனில் ஒரு கோல் வந்தது.

"நான் யோகேஸ்வரி. வெள்ளவத்தைக் கடைக்காரி. ஏன் பிள்ளை என்ர கடைக்குக் கள்ளன் எண்டு எழுதினியள்?"

பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு. முள்ளியவளையில் பிறந்தவ என்று பிறகு தெரிந்தது. கோல் ரெக்கோர்ட் ஆகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன்.

"கள்ளன் எண்டு எழுதேல்லை. உங்கட ரிவியூ எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. ஏழு பேர் உப்பைப் பற்றியே எழுதியிருக்கினம்."

"உப்பைப் பற்றி எழுதாமல் வேற எதைப் பற்றி எழுதுவினம்? என்ர கடைக்கு வாறதில அரைவாசி ஆஸ்பத்திரிக்கு வாற சனம். வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் எண்டு எல்லாப் பக்கத்தாலயும் வருகுதுகள். செவ்வாயும் வெள்ளியும் இருதயக் கிளினிக். உப்பைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருப்பார். அவையளுக்கெண்டு நான் வேற சட்டியில கறி வைக்கிறனான்."

"அவை ஏன் வேற ஒரு கடையைப் பற்றியும் எழுதேல்லை?"

"அவை வேற எந்தக் கடையில சாப்பிட்டவை, சொல்லுங்கோ?"

"பாத்துச் சொல்லுறம்" என்று வைத்துவிட்டேன். நல்லாய்க் கதை கட்டுகிறா என்று நஸ்ரினுக்குச் சொன்னேன். ஆனால் செவ்வாய், வெள்ளி என்று அவ சொன்னது மனதில் நின்றது. ரிவியூக்கள் எந்த நாட்களில் வந்தன என்று நான் அவவுக்குச் சொல்லவே இல்லை.

5. கனகராயன்குளம்

ஞாயிற்றுக்கிழமை வவுனியா பஸ்ஸில் ஏறிக் கனகராயன்குளத்தில் இறங்கினேன். ஒஃபிஸில் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள். சரியாகச் சொன்னால், நான் கடைக்காரியை நம்பிப் போகவில்லை. அவ பொய் என்று நேரில் பார்த்து உறுதி செய்யத்தான் போனேன்.

சந்திக் கடையில் சிவமலரின் வீட்டைக் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொம்பிளை பாக்கிற விசயமோ? அந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் கதைச்சு முடிக்கிற மட்டில இருக்கு."

"இல்லை, வேற அலுவல்" என்றேன். வேறு என்ன அலுவல் என்பதுபோல் அவர் நான் ஒழுங்கையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

சிவமலர் படலையைத் திறக்கவில்லை. நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னேன். அவவின் முகம் இறுகியது.

"நான்தான் அண்டைக்கே சொன்னனே, போகேல்லையெண்டு. ஏன் வீடு தேடி வாறியள்? ஆர் அனுப்பினது உங்களை?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை அம்மா."

"எனக்கு ஒண்டும் தெரியாது. போங்கோ."

நான் திரும்பி வந்து பஸ்ஸுக்கு நின்றேன். சரி, முடிந்தது, பொய்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த "ஆர் அனுப்பினது" என்ற கேள்வி எனக்குத் தெரிந்த கேள்வி. முகம் தெரியாத ஒருவர் வந்து எங்கே போனாய், யாரோடு போனாய், எத்தனை நாள் நின்றாய் என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் முதலில் வாயில் வருவது "இல்லை" என்ற சொல்தான். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சண்டை நாட்களில் சொல்லியும் இருக்கிறேன். ஹெட்செற்றைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் இருந்தபோது எனக்கு அது மறந்துபோய்விட்டது.

பஸ் வரமுதல் ஒரு பிள்ளை சைக்கிளில் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மூச்சு வாங்கியது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் பேசினாள்.

"அம்மா பொய் சொல்லேல்லை. அவா எழுதேல்லைத்தான். அவாவின்ர ஃபோனில நான்தான் எழுதினனான். என்ர பேர் கீர்த்தனா."

"அப்ப கொழும்புக்குப் போனனீங்களோ?"

"ஓம். எனக்கு நெஞ்சில சின்ன வயசில இருந்து ஒரு பிரச்சினை. டெஸ்ற் செய்யப் போனது. ஊரில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மாமா வீட்டை போறம் எண்டுதான் சொல்லிப்போட்டுப் போனனாங்கள்."

"அப்ப ஏன் பிள்ளை அதை எழுதினனீங்கள்?"

அவள் வீதியைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை டொக்டர் பாத்திட்டு, பயப்பிட ஒண்டுமில்லை, எல்லாரையும் போல இருக்கலாம் எண்டு சொன்னவர். எனக்கு அதை ஆருக்காவது சொல்லவேணும் போல இருந்தது. சொல்ல ஆளில்லை. அந்தக் கடையில இருந்து சாப்பிடேக்க, கடையைப் பற்றியாவது நல்லதாய் எழுதுவம் எண்டு எழுதினன். ஆர் வாசிக்கப்போகினம் எண்டு நினைச்சன்."

அவள் சைக்கிளை வீதியோரமாய் நகர்த்தினாள்.

"நீங்கள் எடுத்த நேரம் மாப்பிள்ளையின்ர அம்மா வந்திருந்தவா" என்றாள். "எங்கட அம்மாவுக்குக் காது கொஞ்சம் குறைவு. எப்பவும் ஸ்பீக்கரில போட்டுத்தான் கதைப்பா. நீங்கள் வாசிச்சது முழுக்க வந்திருந்தவாவுக்கும் கேட்டது. மூண்டு நாள் என்னத்துக்குக் கொழும்பில நிண்டனீங்கள், உப்பு ஏன் குறைச்சுச் சாப்பிட்டனீங்கள் எண்டு கேட்டவா."

"பிறகு?"

"யோசிச்சுச் சொல்லுறம் எண்டு போயிட்டா."

அன்று கேட்ட கதிரைச் சத்தம் யார் எழும்பிய சத்தம் என்று எனக்கு அப்போது விளங்கியது. மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள், ஏற்றுக்கொண்டாளா இல்லையா என்று தெரியவில்லை.

"ஒண்டு மட்டும் செய்யுங்கோ. நான் எழுதினதைத் திரும்பப் போடாதேங்கோ. எங்கட பேரை ஒரு இடத்திலயும் எழுதாதேங்கோ."

"போடமாட்டன். எழுதவும் மாட்டன்" என்றேன். அந்த வாக்கின்படிதான் இதில் அவர்களின் பெயர்களையும் ஊரையும் அவள் எழுதிய சொற்களையும் மாற்றியிருக்கிறேன்.

6. என்னை விசாரித்தது

திங்கட்கிழமை தயாபரனிடம் போனேன். "வெள்ளவத்தைக் கடை பிழையாய்ப் போச்சு. நான் போட்ட ஃபிளாக்கை எடுக்கவேணும்."

"என்ன ஆதாரம்?"

"ரிவியூ உண்மை. அதுக்கு மேல சொல்லேலாது."

அவர் கதிரையில் நிமிர்ந்தார். "அக்கா, அஞ்சு பேருக்கு எடுத்தனீங்கள். ஒராள்தான் ஓம் எண்டது. அந்த ஒராளும் கடையின்ர ஆள் எண்டு நீங்கள்தான் எழுதியிருக்கிறியள். இப்ப நீங்களே வந்து உண்மையெண்டு சொல்லுறியள். ஆதாரமும் இல்லை."

"ஓம்."

"கடைக்காரி உங்களுக்குச் சொந்தமோ?"

"இல்லை."

"முறைப்பாட்டுக் கோலைக் கேட்டனான். அவாவும் வன்னி, நீங்களும் வன்னி. அவா உங்களோட பிறகு கதைச்சவாவோ?"

"இல்லை."

"ஞாயிற்றுக்கிழமை எங்க போனனீங்கள்? கனகராயன்குளத்தில உங்களைக் கண்டதா எங்கட டிரைவர் சொன்னவர்."

நான் வாய் திறந்து, "நான் போகேல்லை" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. சிவமலர் சொன்ன அதே சொல், அதே வேகம். "போனனான்" என்று திருத்தினேன். "ஆனா ஏன் எண்டு சொல்லமாட்டன். அது என்ர கதை இல்லை."

தயாபரன் கெட்டவரில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன். இரண்டு மாதம் எனக்குக் கோல் எடுக்க அனுமதி இல்லை என்று முடிவு செய்தார்கள். படம் சரிபார்க்கும் மேசைக்குப் போனேன். தேத்தண்ணி குடிக்கிற இடத்துக்கு நான் போனால் மற்றவர்களின் கதை நிற்கும். என் மெயில்களைக் கொழும்பில் இருந்து பார்க்கிறார்கள் என்று நஸ்ரின் சொன்னாள். நான் என் ஃபோனை மேசையில் கவிழ்த்து வைக்கப் பழகினேன்.

அந்த மேசைக்குப் போகமுன்னம் தயாபரனிடம் ஒன்றைக் கேட்டேன்: சிவமலரின் நம்பரை அழித்துவிட்டு, மற்றப் பத்துப் பேருக்கும் நஸ்ரின் எடுக்கட்டும். நான் எழுதித் தருகிற மாதிரி கேட்கட்டும். தயாபரன் யோசித்துவிட்டுச் சரி என்றார். நஸ்ரின் முதலில் தன் பெயரைச் சொன்னாள். எந்த ஊர் என்று சொன்னாள். "இப்ப கதைக்க வசதியோ? பக்கத்தில ஆரும் இருந்தால் நான் பிறகு எடுக்கிறன்" என்றாள். எழுதியதை வாசிக்கவில்லை. "விருப்பமில்லாட்டில் சொல்லவேண்டாம், உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது" என்றாள். நாலு நாள் எடுத்தது. ஆறு பேர் கதைத்தார்கள். எனக்குத் தானில்லை என்று சொன்னவரே நஸ்ரினுக்கு அந்தக் கடையின் மரக்கறி சூப்பைப் பற்றிக் கனநேரம் சொன்னாராம்.

சிவப்பு வரி எடுபட்டது. அடுத்த சுற்றில் கடை பத்தொன்பதாம் இடத்தில் வந்தது.

7. பிறகு

கோல் எடுக்கும் அனுமதி திரும்பக் கிடைத்து சில நாளில் யோகேஸ்வரி எடுத்தா. நன்றி சொல்ல எடுத்ததாகச் சொன்னா. நான் அதற்கு உரியவள் இல்லை என்றேன்.

"கனகராயன்குளத்துப் பிள்ளை ஒண்டு கிளினிக்குக்கு வந்தது" என்றா. "இந்த முறை தனியத்தான் வந்தது. கலியாணப் பேச்சு ஒண்டு நடந்து சரிவரேல்லையாம். உங்கட நம்பர் இருக்கோ எண்டு கேட்டது. நான் குடுக்கேல்லை. உங்களைக் கேக்காமல் எப்பிடிக் குடுக்கிறது?"

"குடுங்கோ, அக்கா" என்றேன்.

கீர்த்தனா இன்னும் எடுக்கவில்லை. எடுக்கவேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. தெரியாத நம்பர் வரும்போது இப்போதும் நான் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறேன்.

சந்தேகப்படவேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஜன்னலில்லாத கடையில் இருந்து கடலைப் பார்த்தவர்கள் இனியும் எழுதுவார்கள், அவர்களை நீங்கள் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் "இல்லை" என்று சொன்னால், ஃபோமில் "பொய்" என்ற பெட்டியில் உடனே சரி போடாதீர்கள். இப்போது அதற்குப் பக்கத்தில் "பதில் சொல்ல விரும்பவில்லை" என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. தயாபரனோடு மூன்று மாதம் வாதாடி வாங்கியது அது. எழுதினதை ஃபோனில் வாசிக்கக்கூடாது என்ற விதியும் அப்படி வந்ததுதான். அந்தப் பக்கம் ஸ்பீக்கர் போட்டிருக்கிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்கு ஒருபோதும் தெரியாது. என் ஒரு கோலால் ஒரு கடை லிஸ்டில் இருந்து விழுந்தது. அதைத் திரும்ப ஏற்ற முடிந்தது. கனகராயன்குளத்தில் அன்றைக்கு எழும்பிப் போனவரைத் திரும்ப இருத்த என்னால் முடியவில்லை.